முத்தும் சுண்ணாம்பும்: எக்ஸ்-கதிர் உட்கவர் நிறமாலையியலின் வரலாறு

எக்ஸ்-கதிர் உட்கவர் நிறமாலையியல் என்பது, ஒரு பொருளுக்குள் இருக்கும் குறிப்பிட்ட தனிமத்தின் அணுவைச் சுற்றி எந்தெந்த அணுக்கள், எத்தனை, எவ்வளவு தொலைவில் இருக்கின்றன என்பதை அறிய உதவும் ஆய்வு முறை ஆகும். பொருள் படிகமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இம்முறைக்கு இல்லை. கண்ணாடி, கரைசல், மண், இலை, எலும்பு, சிப்பி என எதையும் இதனால் ஆராய முடியும். இதன் முதல் தடயம் 1913 இல் கிடைத்தது. அதன் முழுப் பொருள் 1971 இல்தான் விளங்கியது. இடைப்பட்ட அந்த நீண்ட காலத்தின் கதையையும், அதில் இந்தியாவின் பங்கையும், முத்துக்குளித்துறையான தூத்துக்குடிக் கடற்கரையின் ஒரு பழைய கேள்விக்கு இம்முறை தந்த விடையையும் இக்கட்டுரை கூறுகிறது.

ஒரு வகுப்பறைக் கேள்வி

பாஞ்சாலங்குறிச்சி என்றதும் கட்டபொம்மனின் கோட்டையும் 1799 ஆம் ஆண்டுப் போரும் நினைவுக்கு வரும். கோட்டை மேட்டிலிருந்து கிழக்கே சில மணி நேரம் நடந்தால் மன்னார் வளைகுடா வந்துவிடும். கொற்கைக் காலம் தொட்டு முத்துக்குப் பெயர்பெற்ற கடல் அது. கடலுக்கடியில் முத்துச்சிப்பிகள் வாழும் பாறைத் திட்டுகளை அங்குள்ளோர் 'பார்' என்று அழைப்பர். 1961 ஆம் ஆண்டு வரை அப்பார்களில் முத்துக்குளித்தல் நடந்தது.

அவ்வட்டாரத்துப் பள்ளியொன்றில் நான் அறிவியல் ஆசிரியராக இருந்தபோது, கார்பனேட்டுகளைப் பற்றிய பாடத்துக்கு ஒரு சோதனை செய்து காட்டுவது வழக்கம். சுண்ணாம்புக்கல் துண்டின் மீது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால் நுரைத்துப் பொங்கும். மாணவர்கள் கொண்டுவரும் சிப்பியின் மீது ஊற்றினாலும் அதேபோல் பொங்கும். இரண்டும் கால்சியம் கார்பனேட் என்று கரும்பலகையில் எழுதுவேன். ஒருமுறை ஒரு மாணவி எழுந்து, "சார், ரெண்டும் ஒண்ணுன்னா சிப்பியோட உள்பக்கம் மட்டும் ஏன் மின்னுது? சுண்ணாம்பு ஏன் மின்னல?" என்று கேட்டாள். "அமைப்பு வேறு" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். எந்த அமைப்பு, எப்படி வேறு, அதை யார் எப்படிப் பார்த்தார்கள் என்று அவள் மேலும் கேட்டிருந்தால் என்னிடம் விடை இருந்திருக்காது. ஓய்வு பெற்ற பின் அந்த விடையைத் தேடியபோது அறிந்தவையே இங்கே உள்ளவை.

முறை செயல்படும் விதம்

ஒவ்வொரு தனிமத்தின் அணுவிலும் எலக்ட்ரான்கள் குறிப்பிட்ட ஆற்றலோடு பிணைக்கப்பட்டுள்ளன. எக்ஸ்-கதிரின் ஆற்றலைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போனால், ஓரிடத்தில் அணு அக்கதிரைத் திடீரென்று அதிகமாக உட்கவரும். அணுக்கருவுக்கு மிக அருகிலுள்ள எலக்ட்ரானைப் பெயர்த்தெடுக்கப் போதுமான ஆற்றல் வந்துவிட்டது என்பதே இதன் பொருள். வரைபடத்தில் இது செங்குத்தான ஏற்றமாகத் தெரியும். இதற்கு உட்கவர் விளிம்பு என்று பெயர். கால்சியத்துக்கு இவ்விளிம்பு 4038 எலக்ட்ரான் வோல்ட்டிலும், இரும்புக்கு 7112 இலும், செம்புக்கு 8979 இலும் அமைகிறது. எனவே, பல தனிமங்கள் கலந்திருக்கும் பொருளிலும் நமக்கு வேண்டிய ஒரு தனிமத்தை மட்டும் தேர்ந்தெடுத்து ஆராயலாம்.

விளிம்பைத் தாண்டிய பின் வரைபடம் சீராக இறங்குவதில்லை. சிறு சிறு ஏற்ற இறக்கங்களோடு அலைபோல் நெளிந்து செல்கிறது. இந்த நெளிவுகளுக்கு நுண்ணமைப்பு என்று பெயர். இம்முறையின் உயிர்நாடி இதுவே.

இதனைப் புரிந்துகொள்ள ஒரு தெப்பக்குளத்தை நினைத்துக்கொள்ளலாம். குளத்தின் நடுவில் கல்லைப் போட்டால் அலை வட்டமாகப் பரவும். நீரில் நிற்கும் தூண்களில் மோதி, சிற்றலைகளாகத் திரும்பி வரும். திரும்பி வரும் அலையும் புறப்படும் அலையும் சில இடங்களில் ஒன்றையொன்று வலுப்படுத்தும். சில இடங்களில் அழிக்கும். அணுவிலிருந்து வெளியேறும் எலக்ட்ரானும் அலையாகவே பரவுகிறது. அது அண்டை அணுக்களில் மோதிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறது. திரும்பிய அலை வலுப்படுத்தினால் உட்கவர்தல் சற்றுக் கூடுகிறது. அழித்தால் சற்றுக் குறைகிறது. எக்ஸ்-கதிரின் ஆற்றலை மாற்றும்போது எலக்ட்ரான் அலையின் நீளமும் மாறுவதால், வரைபடத்தில் நெளிவு தோன்றுகிறது. நெளிவுகளின் நெருக்கம் அண்டை அணுவின் தொலைவைச் சொல்கிறது. அவற்றின் உயரம் அண்டை அணுக்களின் எண்ணிக்கையையும் வகையையும் சொல்கிறது.

எலக்ட்ரான் வெகுதூரம் சென்று திரும்ப இயலாது. எனவே இம்முறை காட்டுவது சில ஆங்ஸ்ட்ராம் தொலைவுக்குள் இருக்கும் உடனடி அக்கம்பக்கத்தை மட்டுமே. (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மீட்டரின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு.) ஆனால் அந்த அக்கம்பக்கத்தின் தொலைவை ஏறத்தாழ 0.02 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் அது சொல்லிவிடும்.

ஐம்பது ஆண்டுக் குழப்பம்

1895 இல் ராண்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டுபிடித்தார். 1912 இல் லாவேயும் அவரது குழுவினரும் படிகங்கள் எக்ஸ்-கதிரைச் சிதறடித்து ஒழுங்கான புள்ளிகளை உருவாக்குவதைக் காட்டினர். அதற்கடுத்த ஆண்டு பிரான்சில் மோரிஸ் டி ப்ராய் எக்ஸ்-கதிர் நிறமாலையை ஒளிப்படத் தகட்டில் பதிவு செய்தார். எல்லாப் படங்களிலும் குறிப்பிட்ட இரண்டு இடங்களில் பட்டைகள் தோன்றின. அவை ஒளிப்படத் தகட்டின் பூச்சில் இருந்த வெள்ளியும் புரோமினும் கதிரை உட்கவர்ந்ததால் உண்டானவை என்பது பின்னர் தெளிவாயிற்று. உட்கவர் விளிம்பு இவ்வாறு கருவியின் குறையைப் போல வந்து சேர்ந்த கண்டுபிடிப்பு. மோரிஸின் தம்பிதான் லூயி டி ப்ராய். எலக்ட்ரானுக்கு அலைப்பண்பு உண்டு என்று 1924 இல் முன்மொழிந்தவர் அவர். அண்ணன் கண்ட விளிம்பைத் தொடர்ந்து வரும் நெளிவுகளை விளக்கத் தம்பியின் கருத்தே தேவைப்பட்டது.

1920 இல் சுவீடனின் லுண்ட் நகரில், மான்னே சீக்பானின் ஆய்வகத்தில் பணியாற்றிய ஹூகோ ஃபிரிக்கே விளிம்பை ஒட்டிய நுண்ணமைப்பைப் பதிவு செய்தார். அதே ஆண்டில் குஸ்டாவ் ஹெர்ட்ஸும் அதைக் கண்டார். விளிம்புக்கு மிக அருகிலுள்ள பகுதிக்கு வால்டர் காசெல் ஒரு விளக்கம் தந்தார். ஆனால் விளிம்பைத் தாண்டி நூற்றுக்கணக்கான எலக்ட்ரான் வோல்ட் வரை நீளும் நெளிவுகளை அவ்விளக்கத்தால் புரிந்துகொள்ள முடியவில்லை.

1931 இல் ரால்ஃப் குரோனிக் ஒரு கோட்பாட்டை வெளியிட்டார். படிகத்தில் அணுக்கள் வெகுதூரம் வரை ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதே நெளிவுக்குக் காரணம் என்பது அதன் சாரம். ஆனால் ஒழுங்கான அடுக்கே இல்லாத வாயு மூலக்கூறுகளிலும் நெளிவு காணப்பட்டது. 1932 இல் குரோனிக்கே மூலக்கூறுகளுக்காக இன்னொரு கோட்பாட்டைத் தந்தார். அதில் அண்டை அணுவில் எலக்ட்ரான் மோதித் திரும்புவதே காரணமாக இருந்தது. ஒரே நிகழ்வுக்கு, ஒரே அறிஞர் தந்த இரண்டு விளக்கங்கள் அருகருகே நின்றன. தொலை ஒழுங்கா, அண்மை ஒழுங்கா என்ற இக்குழப்பம் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நீடித்தது. இரண்டு வகைச் சூத்திரங்களும் அளவீடுகளோடு ஓரளவு ஒத்துப்போயின. அக்கால அளவீடுகளும் ஒரு முடிவுக்கு வரும் அளவுக்குத் துல்லியமாக இல்லை.

இவ்விடத்தில் மாணவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இக்காலத்தில் எவரும் சோம்பி இருக்கவில்லை. நூற்றுக்கணக்கான அளவீடுகள் வெளியாயின. 1960 வாக்கில் அமெரிக்காவில் வான் நார்ட்ஸ்டிராண்டு, வினையூக்கிகளின் நுண்ணமைப்பைக் கைரேகையைப் போல ஒப்பிட்டு அடையாளம் காண முயன்றார். தரவுகள் குவிந்தன. அவற்றைப் படிக்கும் திறவுகோல் மட்டும் கிடைக்கவில்லை.

1971: திறவுகோல்

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் போயிங் விமான நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஃபாரல் லைட்டில் பணியாற்றிவந்தார். அதே நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் எட்வர்டு ஸ்டெர்ன் பேராசிரியராக இருந்தார். டேல் சேயர்ஸ் அவருடைய மாணவர். மூவரும் இணைந்து 1971 இல் வெளியிட்ட ஒரு சிறு கட்டுரையே இத்துறையின் திருப்புமுனை.

அவர்கள் அண்மை ஒழுங்குக் கோட்பாட்டை எடுத்துக்கொண்டனர். ஒவ்வொரு தொலைவிலும் உள்ள அண்டை அணுக்கள் தமக்குரிய ஒரு நெளிவை உண்டாக்குகின்றன; நாம் காண்பது அவை அனைத்தின் கூட்டுத்தொகை. அப்படியானால் கூட்டுத்தொகையிலிருந்து ஒவ்வொரு நெளிவையும் தனியே பிரித்தெடுக்கலாமே என்று எண்ணினர். கச்சேரியில் நாகசுரமும் தவிலும் ஜால்ராவும் சேர்ந்து ஒலித்தாலும் காது அவற்றைப் பிரித்தறிகிறது. அதே வேலையைக் கணிதத்தில் செய்வது ஃபூரியர் உருமாற்றம். அதனை நுண்ணமைப்பின் மீது செலுத்தியபோது, அணுக்களுக்கு இடையிலான தொலைவுகள் வரைபடத்தில் தனித்தனிக் குன்றுகளாக எழுந்து நின்றன.

அவர்கள் சோதித்த பொருள் ஜெர்மேனியம். படிக ஜெர்மேனியத்தில் பல குன்றுகள் தெரிந்தன. படிகமற்ற ஜெர்மேனியத்தில் முதல் குன்று மட்டும் அதே இடத்தில் தெளிவாக நின்றது, அடுத்தவை மங்கிவிட்டன. தொலைவில் ஒழுங்கு குலைந்தாலும் உடனடி அண்டை அணுக்கள் அதே இடத்தில் இருக்கின்றன என்பது இதன் பொருள். நெளிவுக்குக் காரணம் அண்மை ஒழுங்கே என்று வழக்கு முடிந்தது. எரிச்சலூட்டும் புதிராக இருந்த ஒன்று அன்றுமுதல் அளவுகோலாக மாறியது.

அளவுகோல் கிடைத்தும் ஒளி போதவில்லை. ஆய்வகத்து எக்ஸ்-கதிர்க் குழாயில் ஒரு நல்ல பதிவு எடுக்க நாள்கணக்கில் ஆகும். எலக்ட்ரான்களை ஒளியின் வேகத்துக்கு மிக நெருங்கிய வேகத்தில் வளையப் பாதையில் ஓடவிட்டு, அவை வளையும்போது உமிழும் கதிரைப் பயன்படுத்தும் சின்க்ரோட்ரான் அக்குறையைத் தீர்த்தது. 1974 இல் ஸ்டான்ஃபோர்டில் கின்கெய்டும் ஐசன்பெர்கரும் அத்தகைய ஒளியில் அளவீடுகள் எடுத்தனர். அங்கு சென்று வந்த லைட்டில், முந்தைய பத்து ஆண்டுகளில் சேர்த்ததைவிட அதிகமான, தரமான தரவுகளை மூன்றே நாளில் பெற்றதாகப் பின்னர் எழுதினார். தம் ஆய்வகத்தில் இருந்த மூன்று நிறமாலைமானிகளையும் அவர் மூடிவிட்டார்.

இதன்பின் பயன்கள் பெருகின. தாவரங்கள் நீரைப் பிளந்து ஆக்சிஜனை வெளியிடும் இடத்தில் உள்ள மாங்கனீசு அணுக்கள் சுமார் 2.7 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் இருப்பதை 1981 இல் பெர்க்லி ஆய்வாளர்கள் இம்முறையால் கண்டனர். அதே மூலக்கூறின் நுட்பமான படிக அமைப்பு ஜப்பானிலிருந்து 2011 இல்தான் வெளிவந்தது. நிலத்தடி நீரையும் மண்ணையும் கெடுக்கும் ஆர்சனிக் எந்த வேதி வடிவில் உள்ளது என்பதை அறியவும் இம்முறை பயன்படுகிறது. அதன் நச்சுத்தன்மை வடிவத்துக்கு ஏற்ப மாறுவதால் இது வெறும் ஏட்டறிவு அன்று.

இந்தியாவின் பங்கு

இத்துறையில் இந்தியர்கள் தாமதமாக வந்தவர்கள் அல்லர். சீக்பானிடம் பயின்று திரும்பிய பிதுபூஷண் ராய், கொல்கத்தாவில் எக்ஸ்-கதிர் நிறமாலை ஆய்வைத் தொடங்கிவைத்தார். 1930களில், அதாவது குரோனிக் தம் கோட்பாடுகளை எழுதிய அதே காலத்தில், அங்கும் ஆய்வுகள் நடந்தன. பின்னர் நாக்பூரில் சி. மாண்டே ஒரு பெரிய மாணவர் பரம்பரையை உருவாக்கினார். மத்திய இந்தியாவின் பல பல்கலைக்கழகங்களில், எளிய கருவிகளையும் ஒளிப்படத் தகடுகளையும் கொண்டு, பல தலைமுறையினர் விளிம்புகளை அளந்தனர். 1980களில் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் சி. என். ஆர். ராவ் குழுவினர், ஆய்வகக் கருவியைக் கொண்டே வினையூக்கிகளை இம்முறையில் ஆராய்ந்தனர்.

எனினும் சொந்தமாக ஒரு சின்க்ரோட்ரான் எக்ஸ்-கதிர் ஒளி இந்தியாவுக்கு வாய்க்க 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தூரில் உள்ள ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையத்தில் 1999 இல் இண்டஸ்-1 இயங்கத் தொடங்கியது. அதன் ஆற்றல் 450 மெகா எலக்ட்ரான் வோல்ட். இம்முறைக்குத் தேவையான கடின எக்ஸ்-கதிரை அது தரவில்லை. 2005 இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட இண்டஸ்-2 அக்குறையை நீக்கியது. அதன் ஆற்றல் 250 கோடி எலக்ட்ரான் வோல்ட். வளையத்தின் சுற்றளவு 172.5 மீட்டர். வளையத்திலிருந்து ஒளி பல வழித்தடங்களாகப் பிரித்து எடுக்கப்படுகிறது. அவற்றில் எட்டாம், ஒன்பதாம் வழித்தடங்களை உட்கவர் நிறமாலைக்காகப் பாபா அணு ஆராய்ச்சி மையம் அமைத்தது. எட்டாம் தடத்தில் வளைத்த படிகம் ஒன்று எல்லா ஆற்றல்களையும் ஒரே நேரத்தில் விசிறிபோல் விரித்துத் தருகிறது. ஒன்பதாம் தடத்தில் ஆற்றலைப் படிப்படியாக மாற்றி அளக்கின்றனர். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விண்ணப்பித்து அங்கு சென்று தம் மாதிரிகளை அளந்துவர முடியும்.

1930களில் தொடங்கிய நாடு, ஒளிக்காக எழுபது ஆண்டு காத்திருந்தது என்பதைப் பெருமையாகவும் சொல்லலாம், ஆதங்கமாகவும் சொல்லலாம். கருவி வராத காலத்திலும் ஆசிரியர்கள் மாணவர்களை உருவாக்கிக்கொண்டே இருந்ததால்தான், கருவி வந்தபோது அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் இங்கேயே இருந்தனர்.

முத்துக்குள் என்ன இருக்கிறது

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம்.

கால்சியம் கார்பனேட் இயற்கையில் பெரும்பாலும் இரண்டு படிக வடிவங்களில் கிடைக்கிறது. ஒன்று கால்சைட், சுண்ணாம்புக்கல்லில் பெருமளவில் இருப்பது இதுவே. மற்றொன்று அரகோனைட். கால்சைட்டில் ஒவ்வொரு கால்சியம் அணுவையும் 6 ஆக்சிஜன் அணுக்கள் ஏறத்தாழ 2.36 ஆங்ஸ்ட்ராம் தொலைவில் சூழ்ந்துள்ளன. அரகோனைட்டில் 9 ஆக்சிஜன் அணுக்கள் சற்றே தள்ளி, வெவ்வேறு தொலைவுகளில் சூழ்ந்துள்ளன. வேதி வாய்பாடு ஒன்றே, அக்கம்பக்கம் வேறு. கால்சியத்தின் விளிம்பை அளந்தால் இரண்டும் வெவ்வேறு நெளிவுகளைத் தரும்.

மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பியை எடுத்துப் பார்த்தால் ஒரே ஓட்டில் இரண்டும் இருக்கின்றன. வெளிப்புறச் சொரசொரப்பான அடுக்கு கால்சைட். உட்புற மின்னும் அடுக்கு அரகோனைட். முத்தும் அதே மின்னும் அடுக்கால் ஆனது. அதில் அரை மைக்ரோமீட்டர் அளவே தடிமன் கொண்ட அரகோனைட் தகடுகள், மெல்லிய கரிமப் பசையால் ஒட்டப்பட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. தகடுகளின் தடிமன் ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்கதாக இருப்பதால், அடுக்குகளில் எதிரொளிக்கும் ஒளி குறுக்கிட்டு வண்ணம் காட்டுகிறது. சர் சி. வி. ராமன் 1930களிலேயே சிப்பிகளின் வண்ணத்தை ஆராய்ந்தார். 1954 இல் முத்துகளின் அமைப்பையும் ஒளியியல் பண்பையும் டி. கிருஷ்ணமூர்த்தியுடன் இணைந்து ஆராய்ந்து வெளியிட்டார். ஆகவே மின்னுவதற்கு நேரடிக் காரணம் அடுக்கே. சுண்ணாம்புக்கல்லில் அந்த அடுக்கு இல்லை.

அப்படியானால் சிப்பி அந்த அடுக்கை எவ்வாறு கட்டுகிறது? படிகத்தை அறிய எக்ஸ்-கதிர்ச் சிதறல் முறையே போதும். ஆனால் உயிரி தன் ஓட்டைக் கட்டத் தொடங்கும்போது இடுவது படிகமே அன்று. ஒழுங்கற்ற கால்சியம் கார்பனேட். சிதறல் முறைக்கு அது ஏறத்தாழக் கண்ணுக்குத் தெரியாத பொருள். அண்மை ஒழுங்கை மட்டும் பார்க்கும் உட்கவர் முறை இங்கேதான் இன்றியமையாததாகிறது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள், ஆலமரக் குடும்பத்து மரமொன்றின் இலையிலும் சில கடல் உயிரிகளிலும் உள்ள ஒழுங்கற்ற கார்பனேட்டை இம்முறையால் ஆராய்ந்தனர். தொலைவில் ஒழுங்கற்றிருந்தாலும், கால்சியத்தைச் சுற்றி அண்மையில் ஓர் ஒழுங்கு இருப்பதைக் கண்டனர். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பூபா கில்பர்ட் குழுவினர், உட்கவர் நிறமாலையை நுண்ணோக்கியோடு இணைத்து, மின்னும் அடுக்கில் எந்தத் தகடு எத்திசையில் படிகமாகியுள்ளது என்று வரைபடம் எடுத்தனர். 2015 இல், புதிதாக வளர்ந்துகொண்டிருக்கும் அடுக்கின் மேற்பரப்பில் ஒழுங்கற்ற கார்பனேட் இருப்பதையும், அது பின்னர் அரகோனைட்டாக மாறுவதையும் அவர்கள் காட்டினர். அவர்கள் ஆராய்ந்தது கலிபோர்னியக் கடலின் சிப்பி வகையொன்றை.

இங்கே இன்னொரு செய்தியையும் நினைவுகூரலாம். பாஞ்சாலங்குறிச்சிக்குக் கிழக்கே கடலோரம் உள்ள வேப்பலோடையில்தான், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சாமி 1973 இல் இந்திய முத்துச்சிப்பியில் வளர்ப்பு முத்தை உருவாக்குவதில் வெற்றி கண்டார். சிப்பிக்குள் ஓர் உருண்டையை வைத்தால் அதன்மேல் சிப்பியே அடுக்குகளைப் படியவைக்கிறது. ஒவ்வொரு அடுக்கிலும் கால்சியம் தன் அக்கம்பக்கத்தை மாற்றிக்கொள்ளும் நிகழ்ச்சி அந்த உப்பங்கரையில் நம் கண்ணெதிரே நடந்திருக்கிறது.

இம்முறையின் வரம்புகள்

எந்த முறைக்கும் எல்லை உண்டு. உட்கவர் நிறமாலை தருவது, மாதிரியில் உள்ள அத்தனிம அணுக்கள் அனைத்தின் சராசரி. சில அணுக்கள் ஓரிடத்திலும் சில வேறிடத்திலும் இருந்தால் பிரித்தறிவது கடினம். தொலைவைத் துல்லியமாகச் சொன்னாலும் அண்டை அணுக்களின் எண்ணிக்கையில் 10 முதல் 20 விழுக்காடு வரை பிழை நேரலாம். கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் போன்று அணு எண்ணில் நெருங்கிய அண்டை அணுக்களை வேறுபடுத்துவதும் எளிதன்று. ஆகவே பிற முறைகளோடு சேர்த்தே இதன் முடிவுகளை ஏற்கின்றனர்.

நிறைவாக

இன்று அதே வகுப்பில் நின்றால் நான் சொல்லக்கூடிய விடை இது: சுண்ணாம்புக்கல்லும் முத்தும் ஒரே வாய்பாடு கொண்டவை. சுண்ணாம்பில் கால்சியத்துக்கு ஆறு அண்டை அணுக்கள், முத்தில் ஒன்பது. முத்தில் அவை மெல்லிய தகடுகளாக அடுக்கப்பட்டுள்ளன, அதனால் மின்னுகிறது. அத்தகடு பிறக்கும்போது ஒழுங்கற்றதாகப் பிறந்து, பிறகு ஒழுங்காகிறது. இவற்றில் கடைசி வரியைக் காட்டியது, ஒளிப்படத் தகட்டில் தோன்றிய ஒரு வேண்டாத பட்டையிலிருந்து வளர்ந்த முறை. ஐம்பது ஆண்டுகள் அதன் பொருள் தெரியாதிருந்தும், அளப்பதை எவரும் நிறுத்தவில்லை.

வாய்பாடு ஒன்றாக இருந்தால் பொருளும் ஒன்று என்று எண்ணிவிடக் கூடாது என்பதை மாணவர்கள் இதிலிருந்து அறியலாம். ஆசிரியர்கள் அறிய வேண்டியதும் ஒன்று உண்டு. "அமைப்பு வேறு" என்று சொல்லி நிறுத்தும் இடத்தில்தான் பாடம் தொடங்குகிறது.